சமையலறைக்கு வந்த கம்ப்யூட்டர்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்றைய நோட்டீசில் என் பேச்சின் தலைப்பைப் பார்த்துவிட்டு, "அமெரிக்காக்காரன் அடுப்பங்கரைக்கு யந்திரம் விற்கப் பார்த்த கதை நமக்கெதற்கு?" என்று சிலர் கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் தீர்ந்துபோயிற்று. பிறகு தெரிந்துகொண்டதெல்லாம் இதுபோன்ற வாசகசாலைகளில் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளைப் புரட்டித் தெரிந்துகொண்டதுதான். அப்படிப் புரட்டிக்கொண்டு வரும்போது எனக்குத் தோன்றியது என்னவென்றால், விஞ்ஞானம் என்பது ஒன்று, விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லிச் சரக்கு விற்கிறவன் பேசுகிற பேச்சு வேறொன்று என்பதேயாகும். முன்னதைக் கொண்டாடுகிற நாம் பின்னதையும் அதனோடு சேர்த்து விழுங்கிவிடுகிறோம். படித்தவன் சொன்னான், அச்சில் வந்தது, யந்திரம் சொன்னது என்றால் கேள்வி கேட்கக்கூடாதென்று எண்ணிவிடுகிறோம். நம்மூர்க் கடைத்தெருவிலேயே "கம்ப்யூட்டர் ஜோதிடம்" என்று போர்டு தொங்கவில்லையா? ஓலையில் எழுதியிருந்தால் சந்தேகப்படுகிற ஆசாமிகூட, அதே புரட்டை யந்திரம் காகிதத்தில் அடித்துக் கொடுத்தால் பயபக்தியோடு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறான். ஆதலால் இந்தக் கதை நமக்கும் வேண்டியதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் டல்லாஸ் என்கிற பட்டணத்திலே நீமன் மார்க்கஸ் என்று ஒரு பெரிய ஜவுளிக் கடை உண்டு. பணக்காரர்களுக்கென்றே நடக்கிற கடை. வருஷந்தோறும் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு அந்தக் கடைக்காரர்கள் ஒரு விலைப்பட்டியல் புத்தகம் அச்சடிப்பார்கள். அதில் யாரும் எதிர்பாராத விசித்திரச் சரக்குகளைப் போட்டு ஊரைப் பேச வைப்பது அவர்கள் வழக்கம். 1960-ஆம் வருஷத்தில் புருஷனுக்கொன்று பெண்சாதிக்கொன்று என ஜோடி ஆகாய விமானம் போட்டார்கள். 1967-இல் ஜோடி ஒட்டகம் போட்டார்கள். விற்பனையைவிட, பத்திரிகைக்காரன் அதைப் பற்றி இலவசமாக எழுதுகிறானே, அதுதான் லாபம். 1969-ஆம் வருஷத்துப் புத்தகத்தில் அவர்கள் போட்ட விசித்திரம் "சமையலறைக் கம்ப்யூட்டர்". செய்தது ஹனிவெல் என்கிற பெரிய கம்பெனி. விலை 10,600 டாலர்.

தோழர்களே, அந்த 10,600 டாலர் என்றால் என்னவென்று கொஞ்சம் கணக்குப் பாருங்கள். அன்றைய மாற்று விகிதத்தில் டாலருக்கு ஏழரை ரூபாய். ஆகவே 79,500 ரூபாய். அந்த நாட்டிலேயே அப்போது சுமார் 3,000 டாலருக்கு ஒரு புதிய மோட்டார் கார் வாங்கலாம். அதாவது மூன்று கார் வாங்குகிற பணத்தைக் கொடுத்து ஒரு அடுப்பங்கரைச் சாமானை வாங்கும்படி சொன்னார்கள்.

அந்தச் சாமான் எப்படியிருந்தது? கீழே ஒரு தண்டுபோன்ற பீடம். அதன்மேல் முன்பக்கம் நீண்டு வளைந்த ஒரு மேஜை. எடை 100 ராத்தலுக்கு மேல். பார்க்க வெகு நேர்த்தியாகத்தான் இருந்தது. அதனுள்ளே இருந்தது தொழிற்சாலைகளில் யந்திரங்களை ஓட்டுவதற்கென்று ஹனிவெல் செய்த எச்-316 என்கிற நல்ல உழைப்பாளிக் கம்ப்யூட்டர். மேலே காய்கறி நறுக்க ஒரு பலகையும் பொருத்தியிருந்தார்கள். விலையோடு சமையல் புத்தகமும் மேலங்கியும் சேர்த்தி. அன்றியும் அந்த யந்திரத்துக்கு உத்தரவு எழுதுவது எப்படி என்று இரண்டு வாரப் பாடமும் உண்டு.

ஏன் இரண்டு வாரம் படிக்கவேண்டும் என்கிறீர்களா? அந்தப் பீடத்திலே இன்றைக்கு நாம் பார்க்கிற திரை கிடையாது. எழுத்துப் பலகை கிடையாது. வரிசையாகப் பொத்தான்களும் சின்னஞ்சிறு விளக்குகளுந்தான். விளக்கு எரிந்தால் ஒன்று என்று அர்த்தம், அணைந்திருந்தால் சூன்யம். வலது கோடியிலுள்ள விளக்குக்கு மதிப்பு 1, அதற்கடுத்தது 2, அதற்கடுத்தது 4, பிறகு 8, இப்படி இரட்டித்துக்கொண்டே 16 இடம் போகும். 13 என்று சொல்லவேண்டுமானால் எட்டும் நாலும் ஒன்றும் எரியவேண்டும், இரண்டு அணைந்திருக்கவேண்டும். கம்ப்யூட்டருக்கு இது தாய்மொழி. அதில் குற்றமொன்றுமில்லை. இன்று உங்கள் கையிலிருக்கிற செல்போனும் உள்ளுக்குள்ளே இந்த மொழியைத்தான் பேசிக்கொள்கிறது. ஆனால் ஒரு வீட்டு அம்மாள், அடுப்பிலே பால் பொங்கிக்கொண்டிருக்க, "இன்று விருந்துக்கு ஐந்து பேர், கையில் இருப்பது இந்தக் காய்கறி" என்பதைப் பொத்தான் பொத்தானாய் ஒன்றும் சூன்யமுமாக அமுக்கிவிட்டு, யந்திரம் கண் சிமிட்டுகிற விளக்குகளை எண்ணிக் கூட்டி, "ஓகோ! கேரட்டுக் கறி செய்யச் சொல்லுகிறது" என்று தெரிந்துகொள்ளவேண்டும் என்றால், அதற்குள் பால் என்ன ஆகும் என்று இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களைத்தான் கேட்கவேண்டும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அந்த யந்திரத்திலே சமையலுக்கு உபயோகப்படக்கூடிய பாகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அந்த நறுக்குகிற பலகை.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒன்றேனும் எந்த வீட்டுக்காவது விற்றதாக ஆதாரம் கிடையாது. ஒன்று இன்று கலிபோர்னியாவிலுள்ள கம்ப்யூட்டர் சரித்திரக் காட்சிசாலையில் இருக்கிறது.

நிற்க, இது வெறும் வேடிக்கை என்று சிரித்துவிட்டு நாம் போய்விடலாம். ஆனால் அந்த விளம்பரத்தின் வாசகத்தைக் கவனித்தால் சிரிப்பு நின்றுவிடும். யந்திரம் கணக்குப் போடுகிற சாமர்த்தியத்தில் அந்த அம்மாளும் சமைக்கக்கூடாதா என்று அது கேட்டது. அதாவது வாங்கச் சொல்லுவது புருஷனை. கேலி செய்வது பெண்சாதியை. அவளுக்காகவே செய்ததாகச் சொல்லிக்கொண்ட சாமானுக்கு, அவளை மட்டந்தட்டியே விளம்பரம்! அவளுக்கு எது கஷ்டம் என்று ஒருவராவது அவளைக் கேட்டார்களா? கேட்டிருந்தால், "ஐயா, எனக்கு ரசம் வைக்கத் தெரியாமலில்லை, மூன்று வேளையும் நானே வைக்கவேண்டியிருக்கிறதே, அதுதான் கஷ்டம்" என்று சொல்லியிருப்பாள். அந்த ஊர்ப் பெண்ணுக்கு ரசமில்லாவிட்டால் சூப்பு; பாடு ஒன்றுதான்.

இந்த விளம்பரம் வந்த அதே 1969-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் மனிதன் சந்திரனில் இறங்கினான் அல்லவா? அந்தக் கலத்திலிருந்த கம்ப்யூட்டருக்கு உத்தரவுகளை எழுதிய கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் யார்? மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆராய்ச்சிச் சாலையிலிருந்த மார்கரெட் ஹாமில்டன் என்கிற பெண்மணி. அதற்கு முன்னே 1946-இல் உலகத்துக்குக் காட்டப்பட்ட எனியாக் என்கிற ராட்சதக் கம்ப்யூட்டருக்கு உத்தரவு அமைத்துக் கொடுத்தவர்கள் ஆறு பெண்கள். 1952-இல், மனிதனுக்குப் புரிகிற குறியீட்டை யந்திரத்துக்குப் புரியும்படி யந்திரத்தையே மாற்றச் செய்யும் வித்தையைச் செய்து காட்டியவர் கிரேஸ் ஹாப்பர் என்கிற பெண்மணி. இவ்வளவும் நடந்திருக்கிற தேசத்தில், கம்ப்யூட்டருக்கும் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்த வியாபாரிக்குச் சமையற்குறிப்பைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. சந்திரனுக்கு வழி சொல்லத் தெரிந்த பெண்ணுக்கு, சாம்பாருக்கு வழி சொல்லித்தர யந்திரம் செய்தான்!

இதில் ஹனிவெல்காரர்களை மாத்திரம் சொல்லிப் பயனில்லை. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னே, வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் இஞ்சினீயராயிருந்த ஜிம் சதர்லண்டு என்பவர், கம்பெனி கழித்துப்போட்ட பாகங்களைக் கொண்டு தன் வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் கட்டினார். அதற்கு எக்கோ-4 என்று பெயர். எடை சுமார் 800 ராத்தல்; நான்கு பெரிய அலமாரி; வீட்டின் நிலவறையில் வைத்தார். வரவு செலவு பார்க்கும், கடைச்சாமான் ஜாபிதா தரும், வீட்டின் உஷ்ணத்தைக் கவனிக்கும். 1968 ஏப்ரலில் "பாப்புலர் மெக்கானிக்ஸ்" என்கிற பத்திரிகை இதைப்பற்றிக் கட்டுரை போட்டது. இந்த மனிதரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் யாரிடமும் விற்கவில்லை, தன் ஆவலுக்காகச் செய்தார். ஆராய்ச்சி அப்படித்தான் நடக்கும். அவருங்கூட முதலில் கடைச்சாமான் ஜாபிதாவுக்குத்தான் போனார் என்பதை மாத்திரம் கவனியுங்கள்.

இன்னொருவர் ஜான் பிளாங்கன்பேக்கர். 1971-இல் கென்பாக்-1 என்று சிறியதாக ஒன்று செய்து 750 டாலருக்கு விற்றார். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணந்தான். சுமார் 40 விற்றது. கம்பெனி மூடப்பட்டது.

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். நியூ மெக்ஸிகோ மாகாணத்தில் ஆல்புகெர்க்கி என்ற ஊரில் எட் ராபர்ட்ஸ் என்பவர் நடத்திய மிட்ஸ் என்கிற சின்னக் கம்பெனி கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. 1975 ஜனவரி மாதத்து "பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்" பத்திரிகையின் அட்டையில் அவருடைய ஆல்டேர் 8800 என்கிற கம்ப்யூட்டர் படம் வந்தது. விலை 397 டாலர். அதுவும் பூட்டிய யந்திரமல்ல. பெட்டி நிறையப் பாகங்கள். வாங்கினவனே ஈயப்பற்று வைத்துக் கட்டிக்கொள்ளவேண்டும். கட்டி முடித்தால்தான் என்ன? திரையில்லை, எழுத்துப் பலகையில்லை. அதே பொத்தான், அதே விளக்கு. ஞாபக சக்தி 256 பைட்டு, அதாவது இந்த நோட்டீசில் அச்சடித்திருக்கிற எழுத்துகள்கூட அதில் அடங்காது. சமையலறைக் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டால் இது பரம ஏழை. சில நூறு விற்றாலே பிழைத்துக்கொள்ளலாம் என்றுதான் அவர் கணக்குப் போட்டிருந்தார். ஆயிரக்கணக்கில் கேட்டு எழுதினார்கள். தபாலில் பணம் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

ஏன்? இதைத்தான் நாம் ஊன்றி யோசிக்கவேண்டும். விலை மலிவு என்பது ஒரு காரணந்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கென்பாக்கும் மலிவுதானே! ஹனிவெல்காரன், "உனக்குப் புத்தி போதாது, யந்திரம் சொல்லுகிறபடி செய்" என்றான். இவனோ, "இதோ யந்திரம், இதன் வயிற்றைத் திறந்து பார், நீயே கட்டு, உனக்கு வேண்டியதைச் செய்துகொள்" என்றான். கடைசியில் அது எதற்கு உபயோகப்படும் என்று இவனுக்கும் தெரியாது, வாங்கினவனுக்கும் தெரியாது! ஆனால் அதுவரையில் கம்ப்யூட்டர் என்றால் சர்க்கார் ஆபீசிலும் பெரிய கம்பெனியிலும் கண்ணாடி அறைக்குள்ளே கர்ப்பக்கிரகம் மாதிரி வைத்துப் பூட்டப்பட்டிருந்தது. வெள்ளை அங்கி போட்ட பூசாரிகள்தாம் உள்ளே போகலாம். நீங்களும் நானும் வெளியே நின்று சீட்டைக் கொடுத்து, அவன் தருகிற பிரசாதத்தை வாங்கிக்கொண்டு போகவேண்டும். அந்தப் பூட்டு உடைந்தது என்பதுதான் அந்த ஜனங்களுக்கு ஆனந்தம்.

அந்த வருஷம் மார்ச் மாதத்திலேயே கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில் ஒரு வீட்டு மோட்டார்க் கொட்டகையில் இப்படிப்பட்டவர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். தெரிந்ததை ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் சொல்லிக்கொடுப்பதுதான் அங்கே வழக்கம். அதில் வந்து உட்கார்ந்த ஸ்டீவ் வோஸ்னியாக் என்கிற வாலிபர் கட்டினதுதான் முதல் ஆப்பிள் கம்ப்யூட்டர். 1976-இல் அதற்கு 666 டாலர் 66 சென்ட் என்று விலை வைத்தார்கள். பைபிளைப் படித்தவர்களுக்குத் தெரியும், 666 என்பது அவர்களுக்குச் சைத்தானுடைய இலக்கம். வோஸ்னியாக்குக்கோ ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வந்தால் பிரியம், அவ்வளவுதான். நம்மூரில் ராகுகாலம் பார்த்துக் கடை திறக்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்: சைத்தான் இலக்கத்தில் விலை வைத்த அந்தக் கம்பெனிதான் பிற்காலத்தில் உலகத்திலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்றாயிற்று.

ஆனால் பூட்டை உடைத்தவர்களும் கடை வைத்தவுடனே பழைய புத்திக்குத்தான் போனார்கள். 1977-இல் ஆப்பிளின் இரண்டாவது கம்ப்யூட்டருக்கு, பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. இடம் எது என்கிறீர்கள்? மறுபடியும் சமையலறைதான்! மேஜையில் கம்ப்யூட்டர். அதன் முன்னே உட்கார்ந்து பார்க்கிறவர் புருஷன். பின்னாலே நின்று காய்கறி நறுக்கிக்கொண்டே திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்கிறவள் பெண்சாதி. எட்டு வருஷத்தில் ஏற்பட்ட முன்னேற்றம் இது: முன்னே அவளுக்கென்று சொல்லி அவளைக் கேலி செய்தார்கள், பின்னே அவளை யந்திரத்தின் பக்கத்திலேயே விடவில்லை. நறுக்குகிற பலகை மாத்திரம் அவளிடமே இருந்தது. அந்த ஆப்பிளும் சமையற்குறிப்பால் விற்கவில்லை. 1979-இல் டான் பிரிக்லின், பாப் பிராங்க்ஸ்டன் என்ற இருவர் வரவு செலவுக் கணக்கைக் கட்டம் கட்டமாகப் போடும் விசிகால்க் என்கிற ஏற்பாட்டைச் செய்தபிறகு, கடைக்காரனும் கணக்கனும் அதற்காகவே கம்ப்யூட்டரை வாங்க ஆரம்பித்தார்கள். உண்மையான உபயோகம் ஒன்று வந்ததும் விளம்பரத்தின் பாதி வேலை தானே தீர்ந்தது.

வீட்டுக்காரன் விஷயத்தில் அப்படி ஒரு உபயோகம் அகப்படவில்லை. அகப்படாதபோது வியாபாரி என்ன செய்வான்? பயத்தை விற்பான். 1980-களின் ஆரம்பத்தில் அமெரிக்கத் தாய் தகப்பன்மார்களை, "உன் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தராவிட்டால் அவன் படிப்பில் பின்தங்கிவிடுவான்" என்று மிரட்டியே விற்றார்கள். ஆளுக்கொரு கம்பெனி கிளம்பி விலையை வெட்டிக்கொண்டார்கள். 1982-இல் டைமெக்ஸ் சிங்ளேர் என்கிற சிறு கம்ப்யூட்டர் 100 டாலருக்குள் வந்தது. மறுவருஷம் கமோடோர் கம்பெனி, "உன்னிடமுள்ள எந்தப் பழைய கம்ப்யூட்டரையாவது கொண்டு வா, எங்கள் யந்திரத்தில் 100 டாலர் தள்ளுபடி" என்று அறிவித்தது. ஜனங்கள் சும்மாயிருப்பார்களா? அதற்குள் 50 டாலருக்குக் குறைவாகவே கிடைத்த டைமெக்ஸை அதற்கென்றே வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்து 100 டாலர் தள்ளுபடி பெற்றார்கள்! வந்து குவிந்த யந்திரங்களைக் கதவு சாத்தாமல் முட்டுக்கொடுக்க வைத்துக்கொண்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்கிற பெரிய கம்பெனி 1981-இல் 525 டாலருக்கு விற்ற யந்திரத்தை 1983-இல் 100 டாலருக்கும் கீழே தள்ளி, நஷ்டம் தாங்காமல் அந்த வருஷம் அக்டோபரில் வீட்டுக் கம்ப்யூட்டர் வியாபாரத்தையே விட்டு ஓடிற்று.

பொம்மைக் கம்பெனியான கொலெகோ 1983-இல் ஆதாம் என்று ஒன்று விட்டது. அதன் மின்சாரம் முழுவதும் அச்சடிக்கிற பெட்டியின் வழியாகத்தான் வரும். அச்சுப்பெட்டி கெட்டால் கம்ப்யூட்டரும் படுத்துவிடும். அதைவிட விசேஷம், நாடாவை உள்ளே வைத்துவிட்டு விசையைப் போட்டால், கிளம்புகிற காந்த வேகத்தில் நாடாவிலிருப்பது அழிந்துபோகக்கூடும். பிள்ளை எழுதிவைத்த பாடம் போயிற்று! சரக்கு நகராததைக் கண்டு, ஆதாம் வாங்கினால் பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கு 500 டாலர் உதவி என்று 1984-இல் ஆசை காட்டினார்கள். 1985 ஜனவரியில் ஆதாமைக் கைவிட்டார்கள்.

கம்பெனிகள் நஷ்டப்பட்டதில் எனக்கு வருத்தமொன்றுமில்லை. வேறொரு நஷ்டம் நேர்ந்தது. பிள்ளை என்று அந்த விளம்பரங்களில் காட்டியது பெரும்பாலும் ஆண் பிள்ளையை. அதனால் கம்ப்யூட்டர் எந்த அறைக்குப் போயிற்று? பையனுடைய அறைக்கு. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் படிப்பில் பட்டம் பெற்றவர்களில் பெண்கள் 1984-இல் 100-க்கு 37 பேர். அதற்குப்பின் தேய்ந்து தேய்ந்து 2010 வாக்கில் 18 பேராயிற்று. வைத்தியத்திலும் சட்டத்திலும் பெண்கள் ஏறிக்கொண்டுபோன அதே காலத்தில் இது ஒன்றில் இறங்கினார்கள். இறங்கினதற்கு விளம்பரம் ஒன்றேதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் கார்னகி மெலன் சர்வகலாசாலையில் ஜேன் மார்கோலிஸ், ஆலன் பிஷர் என்ற இருவர் 1995 முதல் மாணவர்களை வருஷக்கணக்கில் விசாரித்துப் பார்த்தபோது, வீட்டுக் கம்ப்யூட்டர் பையன் கைக்குப் போனதும், பெண் ஓரமாக நின்று பார்த்ததும், கல்லூரிக்கு வரும்போதே பையன் பழகினவனாகவும் பெண் புதியவளாகவும் இருந்ததும் வெளிப்பட்டது. இதைக் கண்டு பெண்ணுக்கு மூளையில்லை என்பவர்கள் அந்த ஊரிலும் இருந்திருப்பார்கள். அவர்களுக்குப் பதில் அந்தக் கல்லூரியே கொடுத்தது. முன்பழக்கம் உள்ளவனுக்கே இடம் என்ற முறையைத் தளர்த்தி, புதிதாகப் படிக்கிறவர்களுக்கும் ஏற்பப் பாடத்தை அமைத்தார்கள். 1995-இல் சேர்ந்தவர்களில் 100-க்கு 7 பேராயிருந்த பெண்கள் 2000-இல் 42 பேரானார்கள். ஐந்து வருஷத்தில் மூளை வளர்ந்துவிட்டதா என்ன? கதவு திறந்தது.

நம்முடைய வீட்டிலும் இன்று ஒரே ஒரு செல்போன்தான் பிள்ளைகளின் பாடத்துக்கு இருக்கிறதென்றால், அது யார் கையில் முதலில் போகிறது, விளக்குமாறு யார் கையில் போகிறது என்பதை இங்கே வந்திருக்கிற தகப்பன்மார்கள் இன்றிரவு வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "அந்த ஹனிவெல் யந்திரம் அடியோடு உதவாக்கரைதானா?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி, பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன், கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. உதவாக்கரை அல்லவே அல்ல. சமையலறைப் பீடத்துக்குள்ளே வைத்த அதே எச்-316 ஜாதி யந்திரம், வெளியே எத்தனையோ இடத்தில் சத்தமில்லாமல் உழைத்தது. பல ஊர்க் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பிணைத்த அர்ப்பாநெட் என்கிற வலையில், அதாவது இன்றைய இன்டர்நெட்டுக்கு முன்னோடியில், செய்தியை வாங்கி அடுத்த இடத்துக்கு அனுப்புகிற வேலையைப் பார்த்தது. இங்கிலாந்தில் பிராட்வெல் என்ற ஊரிலுள்ள அணுமின் நிலையத்தில் அணு உலையின் உஷ்ணத்தைக் கண்காணிக்க ஒன்றை வைத்திருந்தார்கள். அது 2000-ஆம் வருஷம் வரையில் ஓடிக்கொண்டிருந்தது.